அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் சென்னையில் வெயில் தணியவில்லையே, இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா?

கட்டாயம் இருக்க வேண்டும். பஞ்சாங்கப்படி கத்திரி மே மாதக் கடைசி வாரத்தில் முடிந்துவிடுகிறது என்பதற்காகச் சென்னை வெயில் அன்றைக்கே விடைபெற்றுக்கொள்வதில்லை. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகுதான். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜூன் தொடக்கத்தில் பள்ளித் திறப்பு தள்ளிப்போனதும் இந்த வெயிலால்தான்.

காரணம் காற்று. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் அந்நாள்களில், மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, இறங்க இறங்கச் சூடேறி, நம் பக்கம் அனலாக வந்து சேருகிறது. அது வலுத்து வீசும்போது, நண்பகலை ஒட்டி உள்ளே வர வேண்டிய கடற்காற்று பிற்பகல் வரை கரையைத் தாண்டுவதில்லை. ஆகையால் நான் செய்தியில் சொல்லும் டிகிரியைவிட மொட்டை மாடிக் கொடியைத்தான் நம்புகிறேன்: காயும் துணி கிழக்கு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும் வரை வெளிவேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை.

இந்தப் பழக்கம் ஒரு ஜூன் மாதத்தில் ஏற்பட்டது. எங்கள் வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. மதியம் சற்று ஓய்வெடுங்கள் என்றதற்கு, "கத்திரிதான் போயிடுச்சே சார்" என்று கொத்தனார் சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கையில் பிடித்திருந்த கரணையையே அவர் தரையில் தேடிக்கொண்டிருந்தார், பேச்சு குழறியது. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் அவருக்கு முதுகு முழுக்க வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. உடலுழைப்பாளர்களுக்கு அப்படியும் வரும். வெயிலில் நின்றவருக்குப் புத்தி தடுமாறுவதே முதன்மையான அறிகுறி. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, சுவர் நனைக்க வைத்திருந்த டிரம் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றியபடி அட்டையால் விசிறினோம். யாரோ சோடா வாங்கி வந்தார்கள்; கொடுக்க விடவில்லை. நினைவு தடுமாறுபவர் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். காய்ச்சல் மாத்திரையும் இந்தச் சூட்டுக்குப் பயன்படாது. அவர் பிழைத்துக்கொண்டார்.

குடிப்பதைப் பொறுத்தவரை, வியர்த்து உழைப்பவருக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். நீராகாரமும் உப்பிட்ட மோரும் நல்லவை; உப்புச் சர்க்கரைக் கரைசல் என்றால் 1 லிட்டர் கொதித்தாறிய நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கணக்கு. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது இரவை. பகல் முழுதும் சூட்டை உறிஞ்சிய கான்கிரீட் தளம் அதை இரவில்தான் கீழே இறக்குகிறது, மேல்தளத்தில் தனியே படுக்கும் முதியவர்களுக்கு அதுவே ஆபத்து. அறைக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி சூடான காற்றையே உடம்பில் அடிக்கும். என் பெரியம்மாவை ஜூன் முடியும் வரை கீழ்வீட்டில்தான் படுக்க வைக்கிறோம். மாடியில் காற்று வரும் என்று இன்னமும் முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கி வருகிறார்.