நூறு ரூபிள்

அன்புள்ள அண்ணை,

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைப் போன மாதம்தான் வாசித்து முடித்தேன். நெஹ்லூதவ் ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகமும் அவனுடைய குற்றவுணர்வும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஆனால் கடைசியில் அவன் பைபிளைத் திறந்து தெளிவடைவது ஒட்டவில்லை. சிறைச்சாலைகள் பற்றிய பக்கங்களும் அதிகம். அவன் உண்மையிலேயே மீட்சி அடைந்தானா? நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2009இல் காயப்பட்ட சிநேகிதனை றோட்டில் விட்டுவிட்டு ஓடியவன், பத்து வருசம் கழித்து அந்தச் சிநேகிதனின் மனைவியைக் கலியாணம் செய்து பாவத்தைக் கழுவுகிறான். இது நம்பும்படி இருக்குமா?

ஒரு வாசகன், கிளிநொச்சி
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்த அன்று காலையில் நான் அந்த நாவலின் ஒரு பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஹ்லூதவ் கெடுத்துக் கைவிட்ட கத்யூஷா வயிற்றுப் பிள்ளையோடு இரவில் ஸ்ரேசனுக்கு ஓடுகிற பக்கம். இருட்டு, மழை, காற்று. ரயில் அங்கே மூன்று நிமிசம்தான் நிற்கும். வெளிச்சமான முதலாம் வகுப்புப் பெட்டியில் வெல்வெட் இருக்கையில் அவன் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். விறைத்த கையால் கண்ணாடியில் தட்டுகிறாள். ரயில் வெளிக்கிடுகிறது. கூடவே ஓடுகிறாள், தலைத்துண்டைக் காற்று பறித்துக்கொண்டு போகிறது. அன்றிலிருந்து அவள் கடவுளையும் நம்பவில்லை, மனிசரையும் நம்பவில்லை.

நீர் நெஹ்லூதவின் குற்றவுணர்வைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர். இந்த ஸ்ரேசனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பைபிள் முடிவு டால்ஸ்டாயின் நம்பிக்கை, அவர் எழுதினார், விடும். சிறைச்சாலைப் பக்கங்கள் அதிகம் என்கிறீர். 2009இல் செட்டிகுளத்து முகாமில் அடைபட்டுத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு அவை அதிகமாகத் தெரியாது. பொறுமையாக இன்னொருதரம் வாசியும்.

எனக்குக் கோபம் வந்தது உம்முடைய கலியாணத்தில். அந்தப் பெண்ணுக்குக் கடிதத்தில் பெயர் இல்லை. 'சிநேகிதனின் மனைவி', அவ்வளவுதான். பத்து வருசம் அவ என்ன செய்தா? பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்பினா? எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கினா? உம்முடைய ஆள் வாசலில் வந்து நின்றதும் அவ ஏன் ஓமெண்டு சொல்லவேணும்? அவனுக்கு நித்திரை வரவேணும் என்பதற்காகவா? மனச்சாட்சி குத்துகிற ஆம்பிளைக்குக் கழுவுகிற தண்ணியாக ஒரு விதவையைக் கொண்டுவந்து வைப்பது எங்கள் கதைகளில் பழைய பழக்கம். அது எனக்கு முதல் துரோகத்தின் தொடர்ச்சியாகத்தான் படுகிறது.

டால்ஸ்டாயும் இந்தக் குழியில் விழப் பார்த்தவர்தான். 1887இல் கோனி என்கிற சட்ட அறிஞர் அவருக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொன்னார். தான் கெடுத்த பெண் குற்றவாளியாக நிற்கிற வழக்கில் ஜூரியாக உட்கார்ந்த ஒருவன், அவளையே கலியாணம் செய்யத் துணிந்தான். கலியாணத்துக்கு முதலே அவள் சிறையில் காய்ச்சலில் செத்துப்போனாள். டால்ஸ்டாய் இதை நாவலாக்கத் தொடங்கி, முதற்பிரதியைக் கலியாணத்தில் கொண்டுபோய் முடித்தார். அது அவருக்குச் சரிவரவில்லை. 1895இல் ஒருநாள் நடந்துவிட்டு வந்து நாட்குறிப்பில் எழுதினார்: கதையைப் பிழையான இடத்தில் தொடங்கிவிட்டேன், அவளிலிருந்து தொடங்கவேணும் என்ற கருத்தில். பிறகு திருப்பித் திருப்பி எழுதினார். 1899இல் வெளிவந்த நாவலைத் திறந்து பாரும். சிறையிலிருந்து அவளைக் கோட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். அவன் அதற்குப் பிறகுதான் கட்டிலில் கண் முழிக்கிறான்.

அந்த ஒரு மாற்றத்தால்தான் மாஸ்லவாவுக்கு, அதுதான் கத்யூஷாவுக்கு, வாய் வந்தது. சிறையில் முதல்தரம் சந்திக்கும்போது அவனிடம் பத்து ரூபிள் கேட்கிறாள். அவன் மன்னிப்போடு வந்திருக்கிறான், அவளுக்குக் காசு வேணும். அடுத்தமுறை வெடிக்கிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மற்ற உலகத்துக்கும் என்னை வைத்தே தப்பப் பார்க்கிறாயா என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அவனிடம் மறுமொழி இல்லை. கடைசியில் அவனில் அன்பிருந்தும் அவனை மறுத்து, சீமன்சன் என்கிற அரசியல் கைதியோடு போகிறாள். கெடுத்த பிறகு 100 ரூபிள் தாளை உறையில் வைத்துத் திணித்துவிட்டுப் போனவன் அவன். கலியாணமும் இன்னொரு உறைதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீர் இருக்கிற ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2017 மாசி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராடக் குந்திய அம்மாக்களுக்கு, இரண்டு வருசம் கழித்து அரசாங்கம் மாதம் 6000 ரூபா தாறம் என்றது. எங்களுக்குக் காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றார்கள். நீர் அந்தப் பந்தலைத் தாண்டித்தானே போய் வந்திருப்பீர்?

ஒன்று சொல்கிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

2009 சித்திரை, யுத்தத்தின் கடைசிக் காலம், முல்லைத்தீவு மாத்தளன். எங்கள் பங்கரும் ஒரு அக்காவின் பங்கரும் அடுத்தடுத்து. மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சேலைகளை வெட்டித் தைத்த காலம். அவ தன்னுடைய கலியாணக் கூறைச் சேலையைத் தந்தா. என் மனைவி அதை நாலு மூட்டையாகத் தைத்தா, அவவுக்கு இரண்டு, எங்களுக்கு இரண்டு. அரக்கு நிறம். இரவில் ஆகாயத்தில் வெளிச்சக்குண்டு எரியும்போது அந்தச் சரிகைக்கரை மினுங்கும். "போகேக்க என்னையும் கூப்பிடு தம்பி, பிள்ளையளோட தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றா. ஓமெண்டு சொன்னேன்.

ஒரு இரவு நீரேரியைக் கடந்து தப்ப வெளிக்கிட்டோம். அவவின் பங்கர் வாசல் எட்டடி தள்ளி. அவவின் சின்னவனுக்கு இருமல். நீரேரிக் கரையில் அவன் இருமினால் எல்லோரும் முடிந்தோம் என்று கணக்குப் போட்டேன். கூப்பிடவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். சின்னவன் நாலாம் நாள் செல்லடியில் போய்விட்டான் என்று முகாமில்தான் கேள்விப்பட்டேன்.

2012 தையில் அவவைத் தேடிப் போனேன். விசுவமடுப் பக்கம், தகரக் கொட்டில். கையில் சீனியும் பால்மாவும், சட்டைப் பையில் ஒரு உறையில் 20,000 ரூபா. முற்றத்தில் பிடுங்கிய உழுந்தைப் படங்கில் காயப் போட்டிருந்தா. மழை இருட்டிக்கொண்டு வந்தது. உறையை நீட்டினேன். அவ பார்த்துக்கொண்டு நின்றா.

"நீ கூப்பிடேல்லை."

நான் அழுதுகொண்டு காரணம் சொல்லத் தொடங்கினேன். "அழுறதெண்டா பிறகு அழு. மழை வருகுது, அந்தப் பக்கத்துப் படங்கைப் பிடி" என்றா. பிடித்தேன். காய்ந்த நெற்றுகள் வெடித்து உழுந்து காலடியில் சிதறியது. இரண்டு பேரும் கொட்டிலுக்குள் இழுத்துப் போட்டோம். மிச்சத்தை அவ சுளகில் அள்ள, நான் மண்ணுக்குள் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மழை விட்டதும் சீனியையும் பால்மாவையும் எடுத்து உள்ளே வைத்தா. உறையை என் பையில் தானே திருப்பி வைத்தா. மன்னித்தாவா என்று நான் இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டால் அவவின் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவேன்.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் பாரும். கோவலன் தன் பிழையெல்லாம் சொல்லி உருகுகிறான். கண்ணகி 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்கிறாள். செய்ததைச் செய்ததென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் உப்புநீரில் விளக்கெரிவதைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளை நீர். அந்த அம்மன் எல்லாவற்றையும் பொறுத்துப் போனவள் என்றா உமக்குச் சொல்லித் தந்தார்கள்?

உமக்கு எழுத்து வரும், தம்பி. கடிதத்தில் றோட்டில் கிடந்த சிநேகிதனின் ஒற்றைச் செருப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர், அதை இரண்டுதரம் வாசித்தேன். அதனால்தான் இவ்வளவு ஏசுகிறேன். எழுதினதைக் கிழிக்கவேண்டாம், ஒரு பக்கமாக வையும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வையும். விடியக் காலமை அவ எழும்பிக் கிணற்றடிக்குப் போகிறதிலிருந்து தொடங்கும். அவனை மூன்றாம் அத்தியாயம் வரைக்கும் படலைக்குள் விடாதையும். அவ அவனுக்கு என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியாது, உமக்கும் இப்போது தெரியாது. முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பும்.

அன்புடன்,
அண்ணை