கம்பி மட்டும் போதுமா, தாடை அறுவையும் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. மீ நூடுல்ஸைக்கூட முன்பல்லால் கடித்துத் துண்டிக்க முடியவில்லை. பிரேசஸ் (பல் கம்பி) போட்டாலே போதும் என்கிறார் ஒரு மருத்துவர். தாடை அறுவையும் தேவை என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது? (ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: அம்மா, அந்த இடைவெளி பற்களால் வந்ததா, தாடையெலும்பின் வளர்ச்சியால் வந்ததா என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரே அதைப் பெரும்பாலும் காட்டிவிடும். விரல் சூப்பியதாலோ, விழுங்கும்போது நாக்கு முன்பற்களைத் தள்ளுவதாலோ வந்ததென்றால், கம்பியும் நாக்குப் பயிற்சியும் பல நேரங்களில் போதும். மேல்தாடையின் பின்பகுதி அளவுக்கு மீறிக் கீழ்நோக்கி வளர்ந்திருந்தாலோ, கடைவாய்ப் பற்கள் முந்திக்கொண்டு முட்டுவதால், கீல் பக்கம் கல் சிக்கிய கதவைப் போல முன்பக்கம் மூடாமலே நிற்கும்.

எலும்பில் உள்ள குறையை மறைக்க முன்பற்களைக் கம்பியால் இழுத்து நீட்டினால் இடைவெளி மூடியதாகத் தெரியும். ஆனால் சிரிக்கும்போது ஈறு கூடுதலாகத் தெரியலாம், பற்கள் மீண்டும் விலகும் வாய்ப்பும் அதிகம். அறுவைக்கு முந்தைய பல் சீரமைப்பு இதற்கு நேர்மாறானது. முன்பற்களை நீட்டாமல், பற்களை அந்தந்தத் தாடையின் எலும்புக்கு ஏற்ப நேராக நிறுத்துவதே அதன் வேலை. பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும் அந்தக் காலத்தில் இடைவெளி கூடியதுபோலவும் தோன்றலாம். மனம் தளர வேண்டாம். இரண்டு வழிகளும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான், முதல் கம்பியை ஒட்டுவதற்கு முன்பே பல் சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இடைவெளி சிறிதென்றால், எலும்பில் சிறு திருகாணி பொருத்திக் கடைவாய்ப் பற்களை உள்ளழுத்தும் முறையையும் அவர்களிடம் கேளுங்கள்.

அறுவையில், வாய்க்குள்ளேயே வெட்டி மேல்தாடையைப் பிரித்து, பின்பகுதியைச் சில மில்லிமீட்டர் உயர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பொருத்துவார்கள். கீழ்த்தாடை அதற்கேற்ப மேல்நோக்கிச் சுழன்று முன்பற்கள் சந்திக்கும். கீழ்த்தாடையையும் அறுக்க நேர்ந்தால் கீழுதடு மரத்துப்போகலாம். பலருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். கையெழுத்திடும் முன் இதை மகளிடமே விளக்குமாறு மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் முடிவு அவருடையது. பிறகு ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குக் கஞ்சி, சூப் போன்ற மென்மையான உணவும், மேலும் சில மாதங்களுக்குக் கம்பியும், அதன்பின் பற்கள் விலகாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரும் நெடுங்காலம் தேவைப்படும்.

பெண்களுக்கு இந்த வயதில் தாடை வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆயினும் இடைவெளி அண்மையில் கூடிவருகிறதென்றால், தாடை மூட்டினை முதலில் பரிசோதிக்க வேண்டும். அரசாங்கப் பல் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, பினாங்குப் பொது மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவை அணுகுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும், மகளின் சிறுவயதுப் பள்ளிப் படங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள்.