அருகிலிருந்து முகத்தைப் படமெடுக்கையில் ஃபிளாஷால் நெற்றியும் மூக்கும் ஏன் வெளுத்துப்போகின்றன?

ஒளியின் அளவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஃபிளாஷ் மூக்கிலிருந்து அரை மீட்டரில் இருந்தால், 12 செ.மீ. பின்னால் உள்ள காதுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளி குறைந்துவிடும். 2 மீட்டரில் இருந்தால் அந்தக் குறைவு பத்தில் ஒரு பங்குதான். ஆகவே முதலில் பின்னால் நகர்ந்து, தொலைவிலிருந்தே நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. போன்ற லென்ஸால் முகத்தை நெருக்கமாக எடுங்கள். மூக்கும் பெரிதாகத் தெரியாது.

வெளுப்புக்கு இன்னொரு காரணம், கேமராவின் மேலேயே இருக்கும் சிறிய ஃபிளாஷ் நேராக அடிப்பது. நெற்றியில் உள்ள எண்ணெய்ப்பசை அதைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது. தலை திரும்பும் ஃபிளாஷாக இருந்தால் பக்கவாட்டு வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். அப்போது அந்தச் சுவரே பெரிய விளக்காகி, நிழலின் ஓரங்கள் மென்மையாகும். பலரும் கூரையை நோக்கித் திருப்புவார்கள். நெருக்கமான முகப்படத்துக்கு நான் அதை விரும்புவதில்லை, ஏனெனில் கண்குழிகளில் இருள் படிந்துவிடும். பச்சைச் சுவர் வேண்டவே வேண்டாம், தோலிலும் பச்சை ஏறும்.

சுவருக்கு எதிர்ப்பக்கம், கன்னத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்தால், இருண்ட கன்னம் தெளிவதோடு கருவிழியின் ஓரத்தில் சிறு வெள்ளைக் கீற்றும் தோன்றக்கூடும். எடுப்பதற்கு முன் நெற்றியை ஒருமுறை துணியால் ஒற்றி எடுக்க மறவாதீர்கள்.