ஆராதனைக்கா, அமைதிக்கா? திருவையாறு போகுமுன் முடிவு செய்ய வேண்டியது

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மகளுக்குப் பதினான்கு வயது, வீணை கற்கிறாள். எழுபதைத் தாண்டிய அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் திருவையாறும் தஞ்சாவூரும் போக ஆசை. கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்க்க வேண்டும். பஞ்சரத்னம் பாடும் இடத்தில் மகள் உட்கார வேண்டும். முடிந்தால் ஒரு வீணையும் வாங்கி வர வேண்டும். எப்போது போகலாம்?"

கூட்டமில்லாத நிதானமும் பஞ்சரத்னமும் ஒரே பயணத்தில் கூடிவராது. பஞ்சரத்னம் என்பது கர்நாடக இசை மேதை தியாகராஜர் இயற்றிய ஐந்து கிருதிகள். அவர் 1847-இல் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) அன்று, திருவையாற்றில் நடக்கும் ஆராதனை விழாவில்தான் அவை கூட்டாகப் பாடப்படுகின்றன. அன்று அந்தச் சிற்றூரில் கால் வைக்க இடமிருக்காது. அமைதி வேண்டுமென்றால் வேறு மாதம்தான். இரண்டில் எது முக்கியம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

ஆராதனைதான் என்றால் முதல் சிக்கல் தேதி. திதியை ஒட்டி வருவதால் ஆண்டுதோறும் நகரும்: 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. சிங்கப்பூரில் பள்ளி ஜனவரி தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால் பெரும்பாலும் பாட நாளோடு மோதும். பள்ளியிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். இரண்டாவது சிக்கல் அறை. திருவையாற்றில் தங்கும் விடுதிகள் குறைவு, விழா நாள்களில் அவையும் கிடைக்காது. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள தஞ்சாவூரில் தங்கி, பஞ்சமியன்று விடியுமுன் கிளம்புவதே வழி. கூட்டப்பாடல் காலை ஒன்பது மணியளவில் தொடங்கும். சமாதிக்கு முன்னால் பாடகர்கள் அமரும் பகுதியில் இடம் வேண்டுமானால் ஏழு மணிக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். தாமதித்தால் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்பதோடு சரி.

மகள் வீணை மாணவியாக இருந்தாலும் அன்று அவளுக்குத் தேவை வாய்ப்பாட்டு. அந்த நெருக்கடியில் வீணையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஐந்து கிருதிகளும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராக வரிசையில் வரும், ஐந்தும் ஆதி தாளம். ஒவ்வொரு சரணத்துக்கும் முதலில் ஸ்வரம், பிறகு சாகித்தியம் (பாடல் வரி). 'ஜகதானந்தகாரக'வும் 'எந்தரோ மகானுபாவுலு'வும் பலருக்குத் தெரியும். தடுமாறுவது கௌளையிலும் வராளியிலும்தான், ஆகவே முதலில் அவற்றைப் பாடமாக்கட்டும். அடுத்த தவறு, சரணம் முடிந்து எந்த வரிக்குத் திரும்புவது என்பதில் வருகிறது. ஆரபியில் 'சமயானிகி' என்ற வரிக்கு ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டும். இதைக் கையில் தாளம் போட்டுப் பழகாதவர்கள் நடுவில் நின்றுவிடுகிறார்கள். இன்னொன்று, ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாடுகிறார்கள். அது உங்கள் மகளின் சுருதியாக இருக்காது. வீட்டில் தம்புராச் செயலியை ஒரு கட்டை ஏற்றியும் இறக்கியும் வைத்துப் பாடிப் பழகட்டும். சாகித்தியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், கைப்பேசித் திரை வெயிலில் தெரியாது.

பெண்கள் இந்தச் சன்னிதியில் பாடும் உரிமை எளிதில் வந்ததல்ல என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். சமாதியைத் தம் செல்வத்தைக் கொடுத்துக் கட்டுவித்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டியவருக்கே ஆண்களின் விழாவில் பாட இடம் தரப்படவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார், 1940-இல்தான் தனித்தனியாக விழா நடத்திய பிரிவுகள் ஒன்றாயின. அவருடைய சமாதியும் அருகிலேயே இருக்கிறது. அங்கேயும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அம்மாவால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் சம்மணமிட முடியாதென்றால் அவரை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகாதீர்கள். நடுவில் எழுந்து வர வழி இருக்காது. முந்தைய நாள்களின் மாலைக் கச்சேரிகளுக்கு அவரோடு போங்கள். கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறிது நேரமே பாடுவதால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எழுந்து போகலாம். கட்டணமும் இல்லை.

இனி, அமைதி. உங்கள் குடும்பத்துக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஜூன் விடுமுறையில் வெயில் கொளுத்தும், காவிரியிலும் மணல்தான் தெரியும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, அதன் பிறகே தண்ணீர் இங்கு வந்து சேரும். டிசம்பர் நடுவில், மார்கழி பிறந்ததும் போங்கள். மழை இன்னும் இருக்கலாம், குடை கட்டாயம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை தொடங்குமுன் திரும்பிவிடுங்கள், அதன் பிறகு பெரிய கோயிலில் கூட்டம் சேர்ந்துவிடும்.

மார்கழியில் கோயில்கள் விடியுமுன்பே திறந்து திருவெம்பாவை பாடப்படும். தஞ்சாவூரிலிருந்து அந்நேரத்தில் வண்டியில் வந்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் கடந்து ஊருக்குள் நுழைவீர்கள். ஐயாறப்பர், அறம்வளர்த்த நாயகி சன்னிதிகளை முடித்துக்கொண்டு திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்தையும், பிறகு காவிரிக் கரையில் சமாதியையும் பாருங்கள். மற்ற நாள்களில் அங்கே ஆள் குறைவு. உங்கள் மகள் உட்கார்ந்து ஒரு கிருதியை முழுதாகப் பாடலாம். ஆராதனைக் கூட்டத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது, இங்கே கேட்கும். பதினொன்றுக்குள் எல்லாம் முடித்துவிடுங்கள், கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். திரும்பும் முன் பாசிப்பருப்பில் செய்யும் அசோகாவைச் சூடாகச் சாப்பிடுங்கள்.

பெரிய கோயிலை மாலைக்கு வையுங்கள். ராஜராஜன் 1010-இல் முடித்த கோயில் அது, பரந்த கல் முற்றம் நண்பகலில் வெறுங்காலைச் சுட்டுவிடும். அம்மாவுக்குக் கனமான காலுறை எடுத்து வையுங்கள்.

போய்ச் சேர்வது எளிது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இ-விசா எடுக்க வேண்டும். இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு.

வீணைக்கு வருவோம். நல்ல வீணையைக் கடைக்குள் நுழைந்து ஒரே நாளில் தேர்ந்தெடுப்பது கடினம். புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே, ஆசிரியரிடம் சுருதியைக் கேட்டுக்கொண்டு தஞ்சாவூரில் செய்யச் சொல்லிவிடுங்கள். பயணத்தின்போது சோதித்து வாங்கினால் போதும். குடம் (ஒலிப்பெட்டி), தண்டி (கழுத்து), யாளி (முனையிலுள்ள தலை) மூன்றும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தது ஏகாண்ட வீணை, விலை மிக அதிகம். மாணவிக்கு, தனித்தனித் துண்டுகளை இணைத்த ஒட்டு வீணையே போதும். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தந்தியைச் சுருதி சேர்த்து, தண்டியின் மேல் ஸ்வர இடங்களைக் காட்டும் 24 மெட்டுகளிலும் ஒவ்வொன்றாக மீட்டிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். 12-ஆம் மெட்டில் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி ஸ்வரம் பிசகாமல் விழ வேண்டும். தந்தியை நன்றாக இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் வாசிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள், மெட்டு உயரம் சரியில்லையென்றால் அப்போதுதான் தெரியும்.

மெட்டுகள் நிற்பது மெழுகுக் கலவையின் மேல். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மெழுகு இளகி மேளமே (மெட்டுகளின் அமைப்பே) கலைந்துவிடும். எனவே விமான நிலையத்துக்குப் போகும் நாளில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். கெட்டியான ஃபைபர் பெட்டியில், தந்திகளைத் தளர்த்தி, குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) அடியில் துணி வைத்து அனுப்ப வேண்டும். நீளமான பெட்டி என்பதால் விமான நிறுவனத்திடம் அளவையும் எடையையும் முன்பே சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் மேளம் கட்டித் தருபவர் யார் என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைப்பதும் நல்லது.

தந்தம் பதித்த பழைய வீணை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. தந்த விற்பனையைச் சிங்கப்பூரும் 2021 செப்டம்பரில் தடை செய்துவிட்டது. புதிய வீணைக்கு ரசீது வாங்குங்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்பும் சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. விலை அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 9 விழுக்காடு வரியைச் சாங்கியில் நீங்களே அறிவித்துச் செலுத்திவிட வேண்டும்.