எஃப்.எம்.ஆர்.ஐ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு இடப்பக்க மூளையில், பேச்சுக்கான பகுதியை ஒட்டி ஒரு கட்டி. எம்.ஆர்.ஐ ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஆபரேஷனுக்கு முன் எஃப்.எம்.ஆர்.ஐயும் (செயல்பாட்டு எம்.ஆர்.ஐ) எடுக்கச் சொல்கிறார்கள். இதில் புதிதாக என்ன தெரியும்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கட்டி எங்கே, எவ்வளவு பெரியது என்பதை முதல் ஸ்கேன் சொல்லியிருக்கும். தம்பியின் பேச்சு மூளையில் எங்கே நடக்கிறது என்பது அதில் தெரியாது. எஃப்.எம்.ஆர்.ஐ அதைத்தான் தேடுகிறது, ரத்தத்தின் வழியாக. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தேவைக்கு அதிகமாகவே பாய்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைத்து, கருவி பிடிக்கும் சிக்னலைக் குறைக்கும். புது ரத்தம் அதை அடித்துக்கொண்டு போனதும் சிக்னல் சற்றே கூடும். ஜப்பானிய விஞ்ஞானி சேஜி ஒகாவா 1990-ல் எலி மூளையில் இதைக் காட்டினார். 1992-ல் மனித மூளையிலும் பார்த்துவிட்டார்கள்.

மேட்டூரில் மதகு திறந்த அன்றே உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. மூளையிலும் சிக்னல் உச்சத்தைத் தொட 5 முதல் 6 விநாடி ஆகும். 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவியில் கூடுகிற அளவும் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான். அதனால்தான் 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வு என்று ஐந்தாறு சுற்று திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

நீங்கள் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டியது ஒன்று: கருவிக்குள் செய்யச் சொல்லும் பயிற்சி தமிழில் இருக்கிறதா? 'அரிவாள்' என்று காட்டினால் 'அறுக்கிறது' என்று மனத்துக்குள் சொல்வது, 'க'வில் தொடங்கும் சொற்களை நினைப்பது போன்றவை பயிற்சிகள். பள்ளியோடு விட்டுப்போன ஆங்கிலத்தில் செய்தால், தம்பி திணறுவதைத்தான் கருவி பதிவு செய்யும். வாசிக்கச் சிரமம் என்றால் படங்கள் கேளுங்கள். கருவியின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதில் சொல்லும் சொல் சரியாக விழாது. உலோகச் சட்டமிட்ட கண்ணாடி உள்ளே போகக் கூடாது, ஆகவே பவர் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்விட்டுப் பேசினால் தலை அசையும். ஓரிரு மில்லிமீட்டர் அசைவே ஒரு சுற்றைப் பாழாக்கப் போதும். நெற்றியின் குறுக்கே ஒரு பட்டை டேப் ஒட்டச் சொல்லுங்கள். அசைந்தால் தோல் இழுபடும், உடனே அவருக்கே தெரிந்துவிடும்.

முடிவைப் பார்க்கும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். வேலை செய்த இடத்தைப் படத்தில் வண்ணத் திட்டாகக் காட்டுவார்கள்; அந்தத் திட்டின் ஓரம் எல்லைக்கல் அல்ல. எவ்வளவு மாற்றத்தை வேலை என்று எடுப்பது என்ற கணக்கின் வரம்பைத் தளர்த்தினால் திட்டு விரியும், இறுக்கினால் சுருங்கும். அடுத்தது இன்னும் முக்கியம்: கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சரியாக விரிவதில்லை. நரம்பு வேலை செய்தும் ரத்தம் கூடாமல் அந்த இடம் வெறுமையாகத் தெரியலாம். சில விநாடி மூச்சை அடக்கச் சொல்லி எடுக்கும் கூடுதல் ஸ்கேன், குழாய்கள் அங்கே ஒழுங்காக விரிகின்றனவா என்று காட்டும். வெறுமை என்றால் ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷனின்போது நோயாளியை விழிக்க வைத்து, மூளைக்கு மின்தூண்டல் கொடுத்துச் சரிபார்ப்பது இதனால்தான்.

கேள்வி: அம்மாவுக்கு இந்த ஸ்கேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறார். காலை காபியையும் விட மாட்டார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடேறலாம், கழுத்தருகே படத்தையும் கெடுக்கும். முதல்நாளே மஞ்சள் கிழங்கைக் கோத்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் அம்மாவுக்கும் மனக்குறை இருக்காது. மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி, ரவிக்கைக் கொக்கி, புடவையில் குத்திய ஊக்கு, அரைஞாணில் தாயத்து எல்லாம் வெளியே இருக்கட்டும். கண் மையும் வேண்டாம். பேஸ்மேக்கரோ, மூளை ரத்தக்குழாயில் கிளிப்போ இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். காபி மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் அது கூடும். வழக்கத்தை மாற்ற வேண்டாம், எத்தனை மணிக்குக் குடித்தார் என்று சொன்னால் போதும்.

கேள்வி: உளவியல் படிக்கிறேன். எஃப்.எம்.ஆர்.ஐயில் உண்மையான முன்னேற்றம் எது?
– மாணவி, மயிலாடுதுறை

பதில்: மூன்றைச் சொல்வேன். முதலாவது மல்டிபேண்ட்: மூளைப் படத்தின் பல அடுக்குகளை ஒரே நேரத்தில் தூண்டிப் பிறகு பிரிப்பது. மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் 2 மி.மீ. தடிமனில் 72 அடுக்குகளை 0.72 விநாடியில் எடுத்தார்கள், ஒரு வீச்சில் 8 அடுக்கு. 2 விநாடிக்கு ஒரு படம் என்றால் மூச்சின் ஏற்ற இறக்கம் மூளை வேலை போல வேடமிட்டுக் கலந்துவிடும். வேகம் கூடினால் அதைத் தனியே பிரிக்கலாம். பேராசைப்பட்டால் ஓர் அடுக்கின் சிக்னல் இன்னொன்றில் கசியும்.

இரண்டாவது மல்டி எக்கோ. ஒரே தூண்டலுக்கு வெவ்வேறு தாமதத்தில் திரும்பிவரும் மூன்று நான்கு சிக்னல்களை, அதாவது எதிரொலிகளை, பதிவு செய்கிறார்கள். ரத்தத்தால் வரும் மாற்றம் எதிரொலி தாமதமாகத் தாமதமாக வளரும், தலையசைவால் வருவது அப்படி வளராது. அசைவைக் களைய இதைவிட நேர்மையான வழியை நான் காணவில்லை.

மூன்றாவது, 7 டெஸ்லாவில் 0.8 மி.மீ. அளவுக்குப் போவது. மூளையின் வெளிப்படலமான புறணியின் தடிமனே 2 முதல் 4 மி.மீ.தான், அதற்குள் மேல், நடு, கீழ் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம். சிக்கல் வடிகாலில்: சிரைகள் கீழிருந்து மேற்பரப்புக்கு ஓடுவதால், கீழ் அடுக்கில் நடந்தது மேலே பெரிதாகத் தெரியும். வடிவாய்க்காலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு எந்த வயல் நனைந்தது என்று சொல்வது போல ஆகிவிடும். ரத்தத்தின் கன அளவை அளக்கும் வாஸோ முறை இந்தப் பிழையைப் பெரிதும் குறைக்கிறது.

கேள்வி: மனத்தில் உள்ள பொய்யை இது கண்டுபிடிக்குமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடியாது. 2023-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, கதை கேட்பவரின் மூளைப் பதிவிலிருந்து அதன் சாரத்தைச் சொற்களாக்கியது. அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் கருவிக்குள் படுத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவரை வைத்துப் பழக்கியது இன்னொருவருக்கு உதவவில்லை. வேறு எதையாவது வேண்டுமென்றே நினைத்தாலும் குலைந்தது. இ.இ.ஜி (மூளையின் மின்னலைப் பதிவு) வழியான மூளைச் சோதனையையும், மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனையையும் ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் 2010-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.