நண்பன் வருகிறான் என்றாலே வயிற்றைப் பிசைகிறது

வணக்கம். எனக்கு 36 வயது. ஆறு வருடமாக மனைவி, மகளோடு சூரிச்சில் இருக்கிறேன். போன ஜூனில் கல்லூரி நண்பர்கள் இருவர் கோவையிலிருந்து வந்து பத்து நாள் தங்கினார்கள். வந்த மறுநாளே யுங்ஃப்ராவ்யோக் பனிமலை, அதற்கடுத்த நாள் டிட்லிஸ் மலை, பிறகு ரைன் அருவி, லூசெர்ன் என்று மணிவாரியாகத் திட்டம் போட்டிருந்தேன். யுங்ஃப்ராவ்யோக்கில் மேலே போனதும் ஒருவன் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டான். "இவ்வளவு செலவு பண்ணி வந்து உட்கார்ந்திருக்கியே" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். டிக்கெட், சாப்பாடு எல்லாம் என் கார்டில்தான் போனது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும் அன்று அவன், "நீ ரொம்ப மாறிட்டடா" என்றான். இந்த ஜூலையில் இன்னொரு நண்பன் மனைவியோடு வருகிறேன் என்கிறான். உயிர் நண்பன்தான். ஆனால் அவன் மெசேஜைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. எனக்கு என்ன கோளாறு?

– பெயர் வேண்டாம், சூரிச்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மலையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடந்த சண்டையில் பாதி உடம்பின் வேலை.

யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கோடையில் சுவிஸ் நேரம் நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஊரில் காலை ஆறு மணிக்கு எழுபவருக்கு அங்கே இரண்டரைக்கே விழிப்பு வந்துவிடும். அந்த அரைத் தூக்கத்தோடு, சரியாகச் சாப்பிடாமல், ஓரிரு மணி நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் எரிச்சலும் வரத்தான் செய்யும். நீங்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தீர்கள். நீங்கள் கத்தியதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே மலையை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். முந்தைய நாள் மாலை வானிலையையும் அன்று காலை உச்சியின் நேரலைக் கேமராவையும் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். மேகம் மூடியிருந்தால் அத்தனை பணத்துக்கும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மேலே மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைவலி கூடினால் அடுத்த ரயிலில் கீழே இறங்கிவிடுங்கள், விவாதமே வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

சரி, வந்த மறுநாளே ஏன் மலை? ஊரைவிட்டு வந்தது சரிதான் என்று அவர்கள் வாயால் கேட்கத் தவித்திருக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் தேர்வில் தோற்ற மாதிரி ஆகிவிட்டது. இப்போது வயிற்றைப் பிசைவதும் அடுத்த தேர்வு வருகிறதே என்றுதான். நண்பனைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். விருந்தாளியிடம் கணக்குப் பேசுவது நம் ஊரில் அழகில்லை. ஆனால் பேசாமல் விட்டால், "ஃபிராங்க்கில் சம்பாதிக்கிறான்" என்று அவர்கள் ஒன்று நினைப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு பில்லையும் மனதுக்குள் எழுதிக்கொண்டே போவீர்கள். ஜூலையில் வரும் நண்பன் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இப்படி அனுப்புங்கள்: "டேய், தங்குறதும் வீட்டுச் சாப்பாடும் என் பொறுப்பு. ரயில் பாஸ், மலை டிக்கெட், வெளிச் சாப்பாடு உங்களோடது. எந்த பாஸ்னு நான் பார்த்துச் சொல்றேன்." நல்ல நண்பனுக்கு இது நிம்மதியாகவே இருக்கும். சுவிஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும். ரயில், படகு, நகர டிராம் எல்லாம் அதில் அடங்கும். யுங்ஃப்ராவ்யோக்கின் மேல்பகுதிக்குத் தள்ளுபடி மட்டும்தான். ஊர் சுற்றும் நாட்களை ஒட்டிவைத்தால் சின்ன பாஸே போதும்.

விசாவுக்காகத் தூதரகம் உங்களிடம் பொறுப்பேற்புப் பத்திரம் கேட்டால், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தம்பதியால் கட்ட முடியாத செலவு நேர்ந்தால் 30,000 ஃபிராங்க் வரை நீங்கள் பொறுப்பு. அவர்களுடைய பயணக் காப்பீடு சரியாக இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

குறைந்தது இரண்டு நாளாவது அவர்களைத் தனியே அனுப்புங்கள். அதற்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் போதும்: டிராமில் தடுப்புக் கதவு கிடையாது, பரிசோதகர் திடீரென்று வருவார், சூரிச்சில் குடிக்கத் தண்ணீர் பிடிக்க 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் உண்டு, தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், ஞாயிறன்று பிரதான ரயில் நிலையமும் விமான நிலையமும் தவிர அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறைக்கு முறை உண்டு என்பதை முதல் நாள் மாலையே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் இரவு சொன்னால் அது கண்டிப்பது போல் ஆகிவிடும். ஒரு சந்தேகம்: பத்து நாளும் சமைத்தது யார்? கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே ஒரு சொல்லாக வந்துபோகிறார். ஜூலைக்குச் சரி சொல்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.

என்ன காட்டுவது என்றால், உங்கள் டிராம், மகள் விளையாடும் பூங்கா, நீங்கள் கறிவேப்பிலை வாங்கும் ஈழத் தமிழர் கடை. ஒருநாள் பெர்னுக்குப் போனால், ஐரோப்பா சதுக்கத்தில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லம் இருக்கிறது. மசூதியும் தேவாலயமும் இருக்கும் அதே கட்டடத்தில் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில். அரை நாள் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், பசி குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஜூலைக்கு முன் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. மலையில் உட்கார்ந்தவனுக்கு ஃபோன் போடுங்கள். ஆக்சிஜன், உயரக் கணக்கெல்லாம் அவனிடம் வேண்டாம். எல்லோர் முன்னாலும் கத்தியது தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.