பெர்ன்காஸ்டல்-கூஸ்: ஒயின் பணத்தில் எழுந்த முதியோர் இல்லம்

கேள்வி: சென்ற இதழில் ஜெர்மனியின் பெர்ன்காஸ்டல்-கூஸ் என்ற ஊருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். குடித்துக் கொண்டாடுவதைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது?
- வாசகர், திருச்சி

பதில்: ஒயின் வருமானத்தை நம்பித் தொடங்கி, 550 ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிற ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. மோசல் ஆற்றின் இடது கரையில் கூஸ், எதிர்க்கரையில் பெர்ன்காஸ்டல். இரண்டும் 1905இல்தான் ஒரே ஊராயின. கூஸில் ஒரு படகு வணிகருக்கு மகனாக 1401இல் பிறந்த நிக்கோலாஸ் பின்னாளில் கர்தினால் ஆனார். பூமி பிரபஞ்சத்தின் மையம் அல்ல என்று கோப்பர்நிக்கஸுக்கு நூறு ஆண்டு முன்பே எழுதியவர் அவர். பிறந்த ஊருக்கு அவர் செய்தது: திராட்சைத் தோட்டங்கள் உள்ளிட்ட சொத்துகளை எழுதிவைத்து, 1458இல் 33 முதியவர்களுக்கு ஓர் அறக்கட்டளை. இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அந்த 33. ஐம்பது வயதைத் தொட்ட பாதிரியார்கள் 6, பிரபுக்கள் 6, சாதாரண மக்கள் 21 பேர், எல்லாரும் ஒரே கூரையின் கீழ்! பிரெஞ்சு ஆட்சியில் திருச்சபைச் சொத்துகள் ஏலம் போன காலத்திலும் இந்த இல்லம் தப்பிப் பிழைத்தது. 1464இல் இத்தாலியில் இறந்த நிக்கோலாஸின் உடல் ரோமில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் இந்த இல்லத்தின் சிற்றாலயத்தில். அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் இங்கேதான்.

கொண்டாட்டம் என்கிறீர்களே, அந்த ஒயினுக்குப் பின்னால் இருப்பது முதுகொடிக்கும் வேலை. பெர்ன்காஸ்டல் கூரைகளுக்கு நேர் மேலே எழும் 'டாக்டர்' தோட்டம் மூன்று ஹெக்டேருக்குச் சற்று மேல்தான். சரிவோ சில இடங்களில் 60 சதவீதம்: கிடையாக 100 மீட்டருக்கு 60 மீட்டர் ஏற்றம். சரிவு இப்படி இருக்கும்போது கம்பிப் பந்தல் உதவாது. அதனால் மோசல் மரபில் கொடிக்கு ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள். கொடிகளுக்கிடையே எந்தப் பக்கமும் புகுந்து வேலை செய்யலாம். தரையெல்லாம் கரும்பலகைக் கல் சில்லுகள். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வெப்பம் விடுகின்றன. இவ்வளவு வடக்கே, தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங் திராட்சைக்கு அந்தச் சூடு கிடைக்காவிட்டால் புளிப்புதான் மிஞ்சும். பெருமழை அடித்தால் சில்லுகளும் மண்ணும் கீழே சரிந்துவிடும். திரும்ப மேலே ஏற்றியாக வேண்டும். ஆள் கிடைக்காத சரிவுகளில் புதர் மண்டுகிறது.

போகிறவர்களுக்கு: ஊருக்கு இப்போது ரயில் கிடையாது. விட்லிஷ் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒயின் திருவிழாக் கூட்டம் நெரியும், அப்போது போகாதீர்கள். அடி குறுகி மேல்மாடி அகன்று நிற்கும் 1416ஆம் ஆண்டு மரவீட்டைப் படம் எடுத்துக்கொண்டு பெர்ன்காஸ்டல் பக்கமே பலர் திரும்பிவிடுகிறார்கள். பாலத்தைக் கடந்து கூஸுக்குப் போங்கள். நூலகத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். நேரத்தை முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.